பதில் முகாமையாளர்

கல்முனைக்குடி,
18.03.1979

அன்பும் மரியாதையும் மிக்க றவூப் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி ஜுனைதா எழுதுகிறேன். உம்மாவும் பிள்ளைகளும் நானும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். கட்டார் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என்னிடம்தான் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே பதில் எழுதும்போது அதை முதலில் எழுதிவிடுங்கள். மற்றக் கதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

சூறாவளி கொண்டுபோன கூரைக்கு ஓடு போட்டு முடிந்தது. சமைக்கும் குசினிப் பக்கம் மட்டும் இன்னும் தென்னோலைக் கிடுகுதான். முற்றத்துத் தென்னைகளில் இரண்டுதான் மிச்சம். உம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. எண்ணெய் தேய்க்க விடுகிறார், மருந்து குடிக்க மட்டும் மாட்டாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நெல் ஆலை முகாமையாளர் கனகரெத்தினம் ஐயா போன மாதம் பதினைந்தாம் திகதி காலமாகிவிட்டார். ஆலைக் கந்தோரில், அவருடைய கதிரையில் இருந்தபடியே. கையில் பேனை இருந்ததாம். கையெழுத்துக்குக் கடிதம் கொண்டுபோய் முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான்தான். ஐயா ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்துக் கால்மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறார். உங்கள் கூட்டாளியை உங்களுக்குத் தெரியாதா? "ஐயா" என்று ஒரு தரம் கூப்பிட அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

அடுத்த நாளே கொழும்பிலிருந்து தந்தி வந்தது. உதவி முகாமையாளர் எம்.ஐ. கலந்தர், அதாவது இவர், ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக, பதில் முகாமையாளர் என்ற பெயரில் கடமை பார்க்க வேண்டும். நன்றாக நடத்திக் காட்டினால் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பார்கள். அதில் தேறினால் பதவி நிரந்தரம், அதற்கு மேலேயும் போகலாம். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார், இவரை வவுனியாவுக்கோ பொலன்னறுவைக்கோ தூக்கிப் போடுவார்கள். உம்மாவை இங்கே விட்டுவிட்டு நான் எங்கே போவது? இரவும் பகலும் எனக்கு அதே கவலை.

ஏனென்றால், காக்கா, இவருக்கு ஆளை ஏவத் தெரியாது. வீட்டுக் கோழியே இவர் விரட்டினால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். போன மாதக் கடைசியில் அவித்த நெல்லைத் தளத்தில் பரப்பியிருந்தார்கள். கடல் பக்கம் மழை கறுத்தது. இவர் போய் நெல்லைக் கூட்டிக் குவிக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்லியிருக்கிறார். பிறகு தானே பலகையை எடுத்துத் தனியாக நெல்லைத் தள்ளியிருக்கிறார். கூலியாட்கள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்களாம். அவ்வளவு நெல்லும் நனைந்து புளித்து நாறிப்போனது. அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கொழும்பிலிருந்து ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறார்கள். சிறந்த தலைவருக்குப் பன்னிரண்டு பண்புகள் வேண்டுமாம். நான் மீன் கழுவும்போது பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்கிறார். கண்ணாடி முன்னால் நின்று கட்டளையிட்டுப் பழக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பழகினார். கண்ணாடிக்கே கேட்டிருக்காது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நேற்று, சனிக்கிழமை, ஐயாவின் முப்பத்தோராம் நாள். ஆலையிலிருந்து பசியோடு நேரே போயிருக்கிறார். முன்வாசலில் ஆட்கள் நிறைந்திருந்ததால், ஒன்பது வருடமாகக் கந்தோர்க் கோவைகள் கொண்டுபோகும் பக்கக் கதவால் ஐயாவின் எழுத்தறைக்குள் நுழைந்தாராம். அங்கே மேசையில் வாழையிலை போட்டு, வெள்ளைத் துணியால் மூடி, இவருக்கென்று தனியாகச் சாப்பாடு வைத்திருந்தார்களாம். நாங்கள் ஹலால் இல்லாத இறைச்சி தின்னமாட்டோம் என்று கறிக்கு மீன் ஆணம் மட்டும். என்ன மரியாதையான மனிதர்கள் என்று சொல்லிச் சொல்லி வியந்தார். தான் குடிப்பதில்லை என்று தெரியாமல் ஒரு சுருட்டும் வைத்துவிட்டார்கள் என்று சிரித்தார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு முன்பக்கம் போனால் பெண்கள் எல்லாரும் பெரிதாக அழுதுகொண்டிருந்தார்களாம். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லக் கூச்சப்பட்டு வந்துவிட்டார்.

இவருக்கு ஒரு வாய் கொடுக்கும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள். உங்கள் துஆ கபூலாகும்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜுனைதா


கல்முனைக்குடி,
17.06.1979

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதமும் உம்மாவுக்கு அனுப்பிய சால்வையும் கிடைத்தன. இந்த வெக்கையிலும் அதைப் போர்த்துக்கொண்டு வாசலில் இருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

நீங்கள் கேட்ட துஆ பலித்துவிட்டது. பலித்துவிட்டது என்றுதான் எழுத வேண்டும்.

முப்பத்தோராம் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை ஆலை வாசலில் பெரிய சண்டையாம். நெல் கொண்டுவந்த உழவு இயந்திரங்கள் சந்தி வரைக்கும் வரிசை. யாருடைய நெல்லை முதலில் நிறுப்பது என்று அடிபிடி. ஒருவன் மண்வெட்டிப் பிடியைத் தூக்கிவிட்டான். உங்கள் மச்சான் கந்தோர்ப் படியில் வந்து நின்று ஒரே ஒரு சொல் சொன்னாராம். "பொறுங்க மனே." அவ்வளவுதான். தூக்கிய கை தூக்கியபடி நின்றதாம்.

இதை எனக்குச் சொன்னவர் செல்லத்தம்பி. ஆலையின் மேற்பார்வையாளர், ஐயா காலத்து ஆள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், கோப்பையைத் தொடவில்லை. "ராத்தா, ஐயா செத்துப்போனார் எண்டு எங்கட காதுக்கு ஆர் சொல்லுற? இண்டைக்கும் அவர்ட சத்தத்துக்குத்தான் வேல செய்யிறம்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

எல்லாரையும் மகனே என்பதற்கு "மனே" என்று கூப்பிடுவது கனகரெத்தினம் ஐயாவின் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தவருக்கு அது ஒட்டியிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள். பகல் பதினொரு மணி. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன் அறையில் ஒரு ஆண்குரல், தபால்காரரோடு சத்தமாகக் கதைக்கிறது. அந்நிய ஆள் வந்திருக்கிறார் என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். உம்மாவும், "புள்ள, ஊட்டுக்க ஆரு வந்திரிக்கிற?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். உங்கள் மச்சான் மட்டும்தான் நின்றார். மறந்துபோன கோவை ஒன்றை எடுக்க வந்திருக்கிறார். நான் முக்காட்டோடு நிற்பதைப் பார்த்து, என்ன புதினம் என்று தன்னுடைய சின்னக் குரலில் கேட்டார். கடைத்தெருவுக்குப் போகப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

கொதிகலனுக்குரிய வால்வு ஒன்று சூறாவளிக்குப் பிறகு காணாமல் போயிருந்தது. ஐயா எங்கேயோ பத்திரமாக வைத்தார், எங்கே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இவர் ஒரு காலையில் நேரே உமிக் கொட்டிலுக்குப் போய், மூலையைக் காட்டித் தோண்டச் சொன்னாராம். எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருந்ததாம். செல்லத்தம்பி அன்று முழுக்க அவர் பக்கத்தில் போகவில்லை.

வைகாசியில் மூன்று கிழமை கொழும்பில் தலைமைப் பயிற்சி நடந்தது. வேலைநிறுத்தக் கூட்டம் ஒன்றை ஒவ்வொருவரும் நடித்துக் காட்ட வேண்டுமாம். மற்றவர்கள் கத்தினார்களாம். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கதைத்தாராம். பயிற்சியாளர் சான்றிதழில் பிறவித் தலைவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் நின்று நான் கேட்பதுண்டு, எந்தப் பிறவி என்று. ஏனென்றால் இவர் முன்பு கண்ணாடியே போட்டதில்லை, காக்கா. கொழும்பில் வாங்கியிருக்கிறார். வெறும் கண்ணாடி, பார்வைக் குறை ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதைப்பது ஐயாவின் பழக்கம்.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு இது பிடித்திருக்கிறது. கலியாண வீட்டில் என்னை முன்பாயில் இருத்துகிறார்கள். மீன்காரன் நல்ல மீனை எனக்கென்று எடுத்து வைக்கிறான். பதினொரு வருடமாக ஊமைப் பெட்டி ஒன்றோடு குடித்தனம் நடத்தியவள் நான். கொஞ்சம் பெருமைப்பட்டால் அல்லாஹ் கோபிக்கமாட்டான். தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி சீனி கேட்கிறவர் இப்போது சீனியே வேண்டாம் என்கிறார். அதுவும் லாபம்தானே!

நீங்கள் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
ஜுனைதா


கல்முனைக்குடி,
28.08.1979

என் காக்காவுக்கு, ஸலாமும் பெருநாள் வாழ்த்தும்.

இந்தக் கடிதத்தை உம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்களும் பதிலில் இதைப் பற்றிப் பட்டும் படாமலும் எழுதுங்கள். உம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்கிறார்.

பெருநாள் மூன்றாம் நாள், வட்டிலப்பம், தொதல் என்று பெருநாள் பலகாரம் எடுத்துக்கொண்டு ஐயாவின் மனைவி வல்லியம்மை அக்காவைப் பார்க்கப் போனேன். துக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வாசலில் அவரைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம். முகம் தெளிந்திருந்தது. பச்சைக் கரைச் சேலை கட்டியிருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. இருந்து கொஞ்ச நேரம் கதைத்த பிறகுதான் அந்தப் பொட்டு எனக்கு உறைத்தது.

தன் மனிதரைப் பற்றித்தான் கதைத்தார். "முப்பத்தொண்டு அண்டைக்கு அவர் வந்து சாப்பிட்டுப்போட்டுத்தான் போனவர் மகள்" என்றார். அவர்கள் வழக்கத்தில் அன்று இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, அவர் இருக்கும் இடத்தில் வைத்து மூடி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்களாம். ஆத்மா வந்து தொட்டுவிட்டுப் போகுமாம். கதவைத் திறந்து பார்த்தால் சோறு வைத்தபடியேதான் இருக்கும், எங்கள் ஆறுதலுக்குத்தான் அது என்றார். அன்று திறந்தபோது இலை வழித்துச் சாப்பிட்டு மடித்து வைத்திருந்ததாம். ஐயாவின் அக்கா விழுந்து கும்பிட்டாராம். வந்திருந்த அத்தனை பேரும் சந்தோஷத்தில் அழுதார்களாம். மீன் ஆணமும் ஒரு சுருட்டும் வைத்திருந்தோம், சுருட்டை மட்டும் தொடவில்லை என்றார்.

காக்கா, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தனக்கென்று வைத்த சாப்பாடு என்று நினைத்து இறந்தவருடைய இலையில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என் புருஷன்.

எழும்பப் பார்த்தேன். "நாலரைக்கு வருவார், இரிங்க மகள், கண்டுபோட்டுப் போகலாம்" என்றார். யார் வருவார் என்று கேட்டேன். உங்கட மனிசன்தான், தெரியாதா என்று அவர் திகைத்தார். மார்ச் மாதம் தொடங்கி, கொழும்பில் நின்ற மூன்று கிழமை தவிர, ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு அந்தப் பக்கக் கதவால் வந்து எழுத்தறைக் கதிரையில் இருப்பாராம். சீனி போடாத தேத்தண்ணீர் குடிப்பாராம். முந்தின நாள் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாராம்.

ஒவ்வொரு நாளுமா என்று கேட்டேன். ஓம், ஒவ்வொரு நாளும் என்றார். நோன்பு மாதத்திலுமா? "நானும் கேட்டன் மகள். எனக்கென்னத்துக்கு நோன்பு, வல்லி எண்டு சிரிச்சுப்போட்டுக் குடிச்சார்" என்றார்.

இதை எழுத என் கை கூசுகிறது. அந்த முப்பது நாளும் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் காய்ந்த உதட்டோடு இருந்தவர் அவர். நடிக்கத் தெரிந்த மனிதர் இல்லை. அவர் நோன்பாளி என்றுதான் நானும் நம்பினேன், அவரும் நம்பினார்.

நாலு மணி கடந்ததும் அங்கே இருக்க முடியாமல் வந்துவிட்டேன். சந்தி திரும்பும்போது இவருடைய மோட்டார்சைக்கிள் எதிரே வந்தது. வெயில் நன்றாக இருந்தது, நான் முகத்தை மூடவில்லை. என்னைப் பார்த்தார். தெருவில் போகிற ஏதோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒதுங்கிப் போனார்.

மறுநாள் காலை கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியாதென்றார். இலையைப் பற்றிச் சொன்னதும் அப்படியே குந்திவிட்டார். அந்தத் திங்கட்கிழமை காலை, ஐயா வந்து சாப்பிட்ட அற்புதத்தைச் செல்லத்தம்பி சொல்லித்தான் இவருக்கே விஷயம் விளங்கியதாம். சாப்பிட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாராம். அந்த நேரம் வாசலில் சண்டை. திறந்த வாயிலிருந்து மற்றக் குரல் வந்துவிட்டதாம். "நான் தேடிப் போகல்ல ஜுனைதா. வாயத் தொறந்தா அது வருது" என்று அழுதார். அந்தச் சின்னக் குரலைக் கேட்டு எத்தனை நாள்! எனக்கும் அழுகை வந்தது. அந்த வீட்டுக்குப் போவது ஒரு கனவு போலத்தான் அவருக்கு ஞாபகமாம். தேத்தண்ணீர் குடித்தது ஞாபகமே இல்லை.

இன்றைக்கே வல்லியம்மை அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள், எல்லாம் விட்டுவிடும் என்றேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பிறகு சொன்னார், செப்ரெம்பர் இருபதாம் திகதி கொழும்பில் நேர்முகப் பரீட்சை. முகாமையாளர் பதவிக்கல்ல, அதற்கும் மேலே, பிராந்திய முகாமையாளர் பதவிக்கு. இப்போது சொன்னால் குரல் போய்விடும். குரல் போனால் தளத்தில் தனியாக நெல் தள்ளிய பழைய ஆள்தான் மிச்சம். இருபதாம் திகதி வரை பொறுக்கச் சொன்னார்.

நான் பொறுத்துக்கொண்டேன், காக்கா. எனக்கும் அந்தப் பதவி வேண்டியிருந்தது. இதை உங்களிடமாவது ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

ஜுனைதா


கல்முனைக்குடி,
21.10.1979

காக்கா,

ஸலாம். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. தபால் பிந்துகிறதா, அல்லது என்ன எழுதுவது என்று உங்களுக்கும் தெரியவில்லையா?

பதவி கிடைத்துவிட்டது. ஊர் முழுக்க அதுதான் கதை. கிழக்குப் பகுதி ஆலைகள் நாலும் இவருக்குக் கீழே. ஜீப்பும் சாரதியும் தந்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் சால்வை போர்த்தினார்கள். உம்மா அழுதார்.

நேர்முகப் பரீட்சையில் ஐந்து பேர் இருந்தார்களாம். ஒருவர் சிங்களத்தில் கேள்வி கேட்டாராம். இவருக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். கனகரெத்தினம் ஐயா அநுராதபுரத்தில் பத்து வருடம் இருந்தவர், தண்ணீர் போலக் கதைப்பார். இவர் தண்ணீர் போலக் கதைத்தாராம். அந்தப் பெரியவர் ஐயாவோடு ஒரு காலத்தில் வேலை பார்த்தவர். பாதியில் பேனையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாராம், பிறகு உள்ளே வரவில்லை. மற்ற நாலு பேரும் ஒரே குரலில் இவரைத் தெரிவு செய்தார்கள். இதையெல்லாம் இவர் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த பிறகும் வல்லியம்மை அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் போக்காட்டினார். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். முன்வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, எங்களை மன்னியுங்கள் என்று கையைப் பிடித்தேன். அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு பொருளை எடுத்துவந்தார். இவருடைய தொழுகைத் தொப்பி. துவைத்து, மடித்து, கடுதாசியில் சுற்றியிருந்தது.

கதவைத் திறந்ததுமே அது கதிரையில் கிடந்ததைக் கண்டாராம். யார் சாப்பிட்டது என்று அந்த நிமிஷமே தெரியும். ஆனால் மச்சாள், ஐயாவின் அக்கா, அதற்குள் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டார், வீடு முழுக்க அழுகை. தொப்பியை மடிக்குள் ஒளித்துக்கொண்டாராம். "சொல்லியிருந்தா அந்தப் புள்ள வெக்கத்திலயே செத்திருக்கும். மறுகா உங்கட மனிசனே நாலரைக்கு வரத் தொடங்கிற்றார். பொய்யெண்டு தெரிஞ்சும் அந்தக் காலடிச் சத்தத்துக்கு எழும்பித் தண்ணி வைக்காம இரிக்க ஏலாமப் போச்சு மகள்" என்றார். இருவரும் இருந்து அழுதோம். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். இனி விடமாட்டேன் என்று என் முன்னாலேயே எழுத்தறையின் பக்கக் கதவைப் பூட்டி, ஒரு மரப்பலகையும் அறைந்தார். பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் நாலரை மணிக்கு ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஆறு மணிக்கு முன்னால் வராதவர். செருப்பைக் கழற்றிவிட்டு, தெரியாத வீட்டுக்கு வருகிறவர் போல வாசலில் ஒரு தரம் தயங்கினார். பிறகு வந்து நம் வாப்பாவின் கதிரையில் இருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேத்தண்ணீர் கேட்டார். சீனி போடாமல் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? உம்மா இரண்டு தரம் மகனே என்று கூப்பிட்டுவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் முன் அறைக்கு வருவதில்லை.

முதல் மூன்று நாளும் மஃரிப் பாங்கு சொன்னதும் உதறிக்கொண்டு எழும்பி, எப்போது வந்தேன் என்று கேட்பார். பிறகு இரவு இஷாத் தொழுகை வரை போனது. நேற்றும் முந்தாநாளும் தெளியவேயில்லை. சின்னவன் மடியில் ஏறப் போனான். தலையைத் தடவி, யாருடைய பிள்ளை மனே என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார், காக்கா. அதுதான் எனக்குப் பயம். கெட்ட மனிதராக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் என் வாயால் அவர் பெயரைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போதும் பக்கத்தில் நின்றவரைக் கொண்டுதான் சொல்வித்தேன். நேற்றுப் பின்னேரம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்து அவர் முன்னால் நேரே நின்றேன். பிஸ்மி சொல்லிக்கொண்டு, கலந்தர் என்று கூப்பிட்டேன். இரண்டாம் தரம் உரத்துக் கூப்பிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கலந்தர் இன்னும் வரல்லியா மகள்? கடுதாசியெல்லாம் கையெழுத்துக்குக் கிடக்கு" என்றார்.

வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருவார், இரிங்க ஐயா என்றேன். சரி மனே என்று சொல்லிவிட்டு அவர் காத்துக்கொண்டிருந்தார். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றேன்.

காக்கா, நீங்களும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உறையில் பதவி ஒன்றும் போடவேண்டாம். கந்தோருக்கு அனுப்பவேண்டாம், இந்த வீட்டுக்கு அனுப்புங்கள். சின்ன வயதில் நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ, எப்படி ஏசினீர்களோ, அப்படியே எழுதுங்கள். உங்கள் எழுத்தை அவருக்குத் தெரியும். அவர் வரும்வரைக்கும் அதை நான் பிரிக்காமல் வைத்திருப்பேன்.

அவர் எங்கே இருந்தாலும் அல்லாஹ் அவரைப் பசியில்லாமல், பத்திரமாக வைத்திருக்கட்டும். வீட்டுக்கு வரும் வழியை அவருக்கு மறக்கடிக்காமல் இருக்கட்டும். இந்த துஆவுக்கு அங்கிருந்து நீங்களும் ஆமீன் சொல்லுங்கள்.

ஜுனைதா